அந்த ஷவர் தொப்பியைக் கழற்றுங்கள்

போன மாதம் எங்கள் கசின்களின் வட்ஸ்அப் குறூப்பில் ஒரு படம் வந்தது. ஒரு வீட்டின் சீலிங். அதில் வட்டமாக ஒரு புகை அலாரம். அலாரத்துக்கு மேலே ஹோட்டலில் இருந்து எடுத்து வந்த ஷவர் தொப்பி. படத்துக்குக் கீழே, "அம்மா மீன் பொரிக்கப் போறா" என்று ஒரு வரி. ஐந்து நிமிடத்துக்குள் குறூப் முழுக்கச் சிரிப்பு முகங்கள். "எங்கட வீட்டில சொப்பிங் பாக்" என்றான் ஒருத்தன். "நாங்கள் பற்றரியைக் கழட்டி ரிமோட்டுக்குப் போட்டிட்டம்" என்றாள் இன்னொருத்தி.

நான் சிரிக்கவில்லை. பதிலும் எழுதவில்லை. எழுதத் தொடங்கினால் நீளும் என்று தெரியும். அதனால் இங்கே எழுதுகிறேன். கசின்மாரே, நீங்களும் வாசிப்பீர்கள் என்று தெரியும். கோபிக்க வேண்டாம். அல்லது கோபியுங்கள், ஆனால் கடைசிவரை வாசியுங்கள்.

நான் மொழிபெயர்த்த வசனம்

2018இல் எனக்கு 14 வயது. பிளேஸ்டோவில், பார்க்கிங் ரோட்டில் இருந்து இரண்டு தெரு உள்ளே, ஒரு பழைய வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். முன் அறையில் அம்மாவும் அப்பாவும். நடு அறையில் அம்மம்மா. மேலே சின்ன அறையில் நானும் தம்பியும். மேலே பின்னறையில் யாழ்ப்பாணத்தில் இருந்து படிக்க வந்த ஒரு அண்ணா, தனியாக வாடகை கொடுத்து இருந்தார். குசினி எல்லோருக்கும் பொது.

அதற்கு முந்தின வருடம், 2017 ஜூன் 14 அன்று, கிரென்ஃபெல் கோபுரம் எரிந்தது. நாலாம் மாடியில் ஒரு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் தொடங்கிய தீ. 72 பேர் இறந்தார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கும் அந்தப் பயம் பிடித்திருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை ஆள் அனுப்பி நாலு அலாரம் பூட்டுவித்தார். குசினியில் ஒன்று, கீழ் நடைபாதையில் ஒன்று, படி முடியும் இடத்தில் மேலே ஒன்று, அண்ணாவின் அறையில் ஒன்று. நாலும் ஒன்றோடொன்று இணைத்தவை. ஒன்று கத்தினால் நாலும் கத்தும்.

அது நல்ல ஏற்பாடுதான். கீழே குசினியில் தீப்பிடித்தால், மேலே கதவைச் சாத்திவிட்டு நித்திரை கொள்பவருக்குக் குசினி அலாரம் கேட்காமல் போகலாம். தலைக்கு மேல் இருக்கும் அலாரம் கேட்கும். அதற்காகத்தான் இணைக்கிறார்கள். ஆனால் இணைப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு அலாரம் பிழையான இடத்தில் இருந்தால், அந்த ஒரு பிழை நாலு வாயால் கத்தும்.

முதல் கிழமையே தொடங்கியது. அம்மா கடுகு தாளித்தா, நாலும் கத்தின. தம்பி சுடுதண்ணியில் குளித்தான், நாலும் கத்தின. அப்பா விடிய நாலரைக்கு வேலைக்குப் போகமுதல் ரோஸ்ற் போட்டார், நாலும் கத்தின. சில இரவுகளில் ஒருவரும் ஒன்றும் செய்யாமலே கத்தின.

முதல் இரவு அந்தச் சத்தம் கேட்டு நான் கீழே ஓடியபோது அம்மம்மாவைக் கட்டிலில் காணவில்லை. மேசைக்குக் கீழே குந்தியிருந்தா. வன்னியில் பங்கருக்குள் இருந்து தப்பி வந்தவ. "ஷெல் அடிக்கிறாங்களோ பிள்ளை?" என்று கேட்டா. நான் கையைப் பிடித்துத் தூக்கி, "ஒண்டுமில்லை அம்மம்மா, அது பொய்ச் சத்தம், நீங்கள் படுங்கோ" என்று சொன்னேன். அடுத்த ஒன்றரை வருடத்தில் அந்த வசனத்தை எத்தனை தரம் சொல்லியிருப்பேனோ தெரியாது. அதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

அப்பா வீட்டுக்காரருக்கு ஃபோன் எடுத்தார். அலாரம் பூட்டிய அதே ஆள் திரும்பி வந்தார். குசினிக்குள் வந்து ஒரு தரம் மூக்கை உறிஞ்சினார். அடுப்பில் இருந்த தாச்சியைப் பார்த்தார். அலாரத்தை அவர் பார்க்கவே இல்லை. என்னிடம் திரும்பி, உங்களுடைய ஆட்கள் நிறைய மசாலா போட்டுச் சமைக்கிறீர்கள், அதுதான் காரணம், யன்னலைத் திறந்து வைக்கச் சொல்லு என்றார். வீட்டில் ஆங்கிலம் வடிவாகத் தெரிந்தது எனக்குத்தான். எனவே அதை அம்மாவுக்கு நான் சொன்னேன்: "எங்கட சமையல்தான் பிழையாம் அம்மா."

அம்மாவின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பெப்ரவரியில் ஜக்கெற் போட்டுக்கொண்டு பின்வளவில் நின்று, சின்ன மின்னடுப்பில் மீன் பொரித்தா. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அம்மம்மா வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி போடுவதை விட்டா. பிறகு விளக்குக் கொளுத்துவதையும் விட்டா. "ஏன் பிள்ளை மற்றவைக்குக் கரைச்சல்" என்றா. கடைசியில் ஒரு நாள் அப்பா கதிரையில் ஏறி, குசினி அலாரத்துக்கும் கீழ் நடைபாதை அலாரத்துக்கும் இரண்டு ஷவர் தொப்பிகளை மாட்டினார். வீடு அமைதியானது. நாங்கள் அப்பாவைப் பாராட்டினோம்.

நான் மொழிபெயர்த்த அந்த வசனம் பொய். அது பொய் என்று எனக்குத் தெரிய இரண்டு வருடம் பிடித்தது.

அலாரத்துக்கு உங்கள் ஊர் தெரியாது

இந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு தரம் விளங்கிக்கொண்டால், அந்த ஆளின் வசனம் தானாகவே உடைந்துவிடும்.

இன்று கடையில் வாங்கும் புகை அலாரங்களில் பெரும்பாலானவை ஒளியால் வேலை செய்பவை. உள்ளே இருட்டான ஒரு சின்ன அறை. அதில் ஒரு சிறு விளக்கு ஒரு பக்கம் பார்த்து எரியும். ஒளியை உணரும் கண் வேறு பக்கம் பார்த்திருக்கும். புகைத் துகள்கள் உள்ளே வந்தால் ஒளி அவற்றில் பட்டுச் சிதறிக் கண்ணில் விழும். உடனே அலாரம் கத்தும். அவ்வளவுதான். அந்தத் துகள் சோபா எரிந்து வந்ததா, நல்லெண்ணெய் சூடாகி வந்ததா, குளியலறை நீராவியா, உள்ளே கூடு கட்டிய சிலந்தியா என்று அந்தக் கண்ணுக்குத் தெரியாது. ஒளி சிதறினால் போதும்.

பழைய வகை ஒன்றும் இருக்கிறது. அதற்குள் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் மிகமிகச் சிறிய அளவில் இருக்கும். அது உள்ளே இருக்கும் காற்றை மின்னேற்றி ஒரு மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்கும். நுண்ணிய துகள்கள் வந்து அந்த ஓட்டத்தைக் குறைத்தால் அலாரம் கத்தும். இந்த வகைக்குச் சூடான எண்ணெயும் கருகும் பாணும் என்றால் உயிர். இந்த யோசனை பிறந்த கதையும் சொல்லப்படுவதுண்டு. 1930களில் வால்டர் ஜேகர் என்ற சுவிஸ் பௌதிகவியலாளர் நச்சுவாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் செய்ய முயன்றார். அது நச்சுவாயுவுக்கு அசையவே இல்லை. அலுத்துப்போய் ஒரு சிகரெட் பற்றவைத்தார். சிகரெட் புகைக்குக் கருவியின் முள் அசைந்தது. ஆக, தொடக்கத்திலேயே இந்தக் கருவி தான் தேட வந்ததை விட்டுவிட்டு வேறொன்றுக்குத்தான் கத்தியது.

மூன்றாவது வகை வெப்ப அலாரம். அது புகையைப் பார்ப்பதே இல்லை. சுற்றியுள்ள காற்று ஏறக்குறைய 58 பாகை செல்சியஸைத் தொட்டால் கத்தும். கடுகு வெடித்தாலும், செத்தல் மிளகாய் வறுத்தாலும், அப்பளம் பொரித்தாலும் குசினி சீலிங்கில் காற்று அந்தச் சூட்டுக்குப் போகாது. தாச்சி எண்ணெய் தீப்பற்றினால் போகும்.

எனவே குசினிக்கு எது வேண்டும்? கேள்விக்கு விடை எப்போதோ எழுதியாகிவிட்டது. வீட்டு அலாரங்களுக்கான பிரிட்டிஷ் தரநிலை, பி.எஸ். 5839-6, குசினிக்கு வெப்ப அலாரத்தைத்தான் சொல்கிறது. ஸ்கொட்லாந்தில் கிரென்ஃபெலுக்குப் பிறகு கொண்டுவந்த சட்டம், 2022 பெப்ரவரி முதல் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பறையில் ஒரு புகை அலாரம், ஒவ்வொரு மாடி நடைபாதையிலும் ஒரு புகை அலாரம், குசினியில் ஒரு வெப்ப அலாரம், எல்லாம் இணைத்ததாக இருக்க வேண்டும் என்கிறது. ஸ்கொட்லாந்துக்காரர் எல்லோரும் கறிவேப்பிலை தாளிக்கிறார்களா? இல்லை. பேக்கனும் ரோஸ்ற்றும் கூடப் புகையும் என்பது அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் குசினியில் பூட்டியது சாதாரண புகை அலாரம். வாங்கியபோது வந்த கையேட்டில், குசினியில் பூட்ட வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்தக் கையேடு இரண்டு வருடமாக எங்கள் லாச்சிக்குள் கிடந்தது. வீட்டில் அதை வாசிக்கக்கூடியவள் நான். நான் வாசிக்கவில்லை. அந்த ஆள் சொன்னதை அப்படியே அம்மாவிடம் கொடுத்தேன், ஏனென்றால் எனக்குள்ளேயே ஒரு பாதி அதை நம்பியது. பள்ளிக்கூடத்தில் என் கோட்டில் கறி மணக்கிறது என்று சொன்ன பிள்ளைகள் அந்தப் பாதியை எனக்குள் ஏற்கெனவே வளர்த்திருந்தார்கள். உங்களுக்குள்ளும் அந்தப் பாதி இருக்கும். ஷவர் தொப்பிப் படத்துக்கு நாங்கள் சிரிக்கும்போது அந்தப் பாதிதான் சிரிக்கிறது: "எங்கட ஆக்கள் இப்படித்தான்."

2020 ஜனவரி, விடிய நாலே முக்கால்

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாலு அலாரமும் கத்தின. நான் கண்ணைத் திறக்கவில்லை. அப்பா ரோஸ்ற் போடுகிறார் என்று நினைத்தேன். தலையணையை எடுத்துக் காதில் அழுத்தினேன். அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும். நித்திரையில் அது நினைவுக்கு வரவில்லை. தம்பி போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். கீழே அம்மாவும் அப்பாவும், பிறகு கேட்டபோது சொன்னார்கள், மேலே அண்ணா ஏதோ சமைக்கிறான் என்று நினைத்துப் படுத்திருந்தார்களாம். ஒவ்வொருவரும் இன்னொருவரின் சமையல் என்று நினைத்தோம்.

எழும்பியது அண்ணா மட்டும். அவர் இரவு வேலை முடிந்து அப்போதுதான் வந்து படுத்தவர், இன்னும் நித்திரை கொள்ளவில்லை. கதவைத் திறந்தால் படியால் புகை ஏறி வருகிறது. அவர் கத்திக்கொண்டு எங்கள் கதவை உதைத்த சத்தத்தில்தான் நான் எழும்பினேன்.

அம்மம்மாவின் அறை. எண்ணெய் ஹீற்றரின் பிளக், மலிவான ஒரு எக்ஸ்ரென்ஷன் வயரில், கட்டிலுக்குப் பக்கத்தில். பிளக் உருகி, தொங்கிய போர்வையில் பட்டு, போர்வை சுவாலை இல்லாமல் கருகிக்கொண்டிருந்தது. புகை கதவிடுக்கால் கீழ் நடைபாதைக்கு வந்தது. அங்கே இருந்த அலாரம் அதைக் கண்டிருக்க வேண்டும். காணவில்லை, அதன் தலையில் ஷவர் தொப்பி. புகை படியேறி மேலே போய், மேல் அலாரத்தைத் தொட்ட பிறகுதான் வீடு கத்தியது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தொப்பி போட்ட அலாரமும் அன்றைக்குக் கத்தியது, மேல் அலாரம் இணைப்பால் அதை எழுப்பியதால். ஷவர் தொப்பி அலாரத்தின் மூக்கைத்தான் மூடும், வாயை மூடாது. மற்றவற்றின் பொய்க்கு அதுவும் சேர்ந்து கத்தும். தன் முன்னால் வரும் உண்மையான புகையை மட்டும் மணக்காது. இதைவிடக் கெட்ட ஏற்பாடு ஒன்றை யோசித்துச் செய்யவும் முடியாது.

அப்பா அம்மம்மாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். இருமினா, பயந்துபோயிருந்தா, ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பிழைத்தா. இன்றைக்கும் இருக்கிறா. நான் ஆஸ்பத்திரியில் கேட்டேன்: "அம்மம்மா, நீங்கள் முழிச்சுத்தானே இருந்தனீங்கள்? ஏன் எழும்பி வரேல்லை?"

"நீதானே பிள்ளை சொன்னனி, அது பொய்ச் சத்தம், படுங்கோ எண்டு."

ஷெல்லில் இருந்து தப்ப வேண்டும் என்று உடம்பு முழுக்கப் பழகிய ஒருத்திக்கு, சத்தம் கேட்டால் ஓடாமல் படுத்திருக்க நான் பழக்கியிருந்தேன். அன்பாகத்தான் பழக்கினேன்.

"புலி வருது, புலி வருது" என்று சொன்ன பெடியனின் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையில் எல்லோரும் பெடியனைத்தான் திட்டுவார்கள். என் கேள்வி, நிசமாகவே புலி வந்த நாளில் ஊரார் ஏன் போகவில்லை என்பது. அவர்களைப் போகாதபடி பழக்கிவிட்டது முந்தின பொய்கள். பொய் அலாரத்தின் ஆபத்து அதன் இரைச்சலில் இல்லை. அது மனிதரைப் படுத்திருக்கப் பழக்குகிறது. தீயணைப்புப் படைக்கே இந்தக் களைப்பு உண்டு. 2024 அக்டோபர் 29 முதல் லண்டனில் பெரும்பாலான வணிகக் கட்டடங்களில் பகல் நேரத்தில் தானியங்கி அலாரம் மட்டும் அடித்தால், தீ என்று ஒருவர் உறுதிப்படுத்தாமல் வண்டி வராது. வீடுகளுக்கு அந்த விதி இல்லை, கூப்பிட்டால் வருவார்கள். ஆனால் கூப்பிட முதலில் நாங்கள் கட்டிலை விட்டு எழும்ப வேண்டுமே.

பெரியவர்கள் சொல்வதற்குப் பதில்

இதை வீட்டில் சொன்னால் மூன்று பதில்கள் வரும். மூன்றையும் நான் கேட்டிருக்கிறேன்.

ஒன்று: "ஊரில விறகடுப்பு எரிச்சனாங்கள். அலாரமே இல்லை. ஒரு வீடும் எரியேல்லை." ஊரில் குசினி பெரும்பாலும் வீட்டை விட்டுத் தள்ளி, தனியாக இருந்தது. ஓட்டுக் கூரைக்கு இடையால் புகை போனது. கதவும் யன்னலும் நாள் முழுக்கத் திறந்திருந்தன. முற்றத்துக்கு இரண்டு எட்டு. பிளேஸ்டோ வரிசை வீட்டில் எல்லா அறைக் கதவும் ஒரே ஒடுங்கிய நடைபாதைக்குத் திறக்கும். மேலே இருப்பவருக்கு இறங்க ஒரே ஒரு படி. புகையும் அந்தப் படியால்தான் ஏறும். குளிருக்கு எல்லா யன்னலும் பூட்டு. அம்மம்மாவின் ஊர் அறிவு தப்பில்லை, வீடுதான் மாறிவிட்டது.

இரண்டு: "வீட்டுக்காரர் எங்கட ஆள். அவரோட ஏன் பிரச்சினை? கவுன்சிலுக்கு எழுதினா எழுப்பிப் போடுவார்." இந்தப் பயத்தை நான் பகிடி பண்ண மாட்டேன். வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்குத்தான் அதன் பாரம் தெரியும். ஆனால் எங்கட ஆள் என்றால் எங்கட ஆளைப் போல நடக்க வேண்டும். கோயில் திருவிழாவுக்கு அவர் கொடுக்கும் காசு, எங்கள் சீலிங்கில் பூட்ட வேண்டிய வெப்ப அலாரத்துக்கு ஈடாகாது. இங்கிலாந்தில் 2015 முதல் தனியார் வாடகை வீடுகளில் ஆட்கள் வசிக்கும் ஒவ்வொரு மாடியிலும் புகை அலாரம் இருக்க வேண்டும். 2022 அக்டோபர் 1 முதல் கவுன்சில் வீடுகளுக்கும் அதே விதி. அன்றிலிருந்து, அலாரம் பழுது என்று வாடகைக்காரர் அறிவித்தால் அதைத் திருத்துவதோ மாற்றுவதோ வீட்டுக்காரரின் கடமை. கவுன்சிலின் உத்தரவையும் மீறினால் 5,000 பவுண்ட்ஸ் வரை தண்டம். வெவ்வேறு குடும்பங்கள் குசினியைப் பகிரும் வீடு என்றால் இந்த நிபந்தனைகள் லைசன்ஸிலேயே வரும். நியூஹாம் கவுன்சில் 2013இலேயே, இங்கிலாந்தில் முதல் ஆளாக, தன் எல்லைக்குள் தனியார் வாடகை வீடுகளுக்கு லைசன்ஸ் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் யாருக்காக? எங்களைப் போன்ற தெருக்களுக்காக.

மூன்று: "எங்களுக்கு அப்பிடி ஒண்டும் நடக்காது." 2021 நவம்பர் 18 இரவு, பெக்ஸ்லிஹீத்தில் ஒரு வீடு எரிந்தது. ஒரே தமிழ்க் குடும்பத்தின் இரண்டு பெண்களும் இரண்டு சிறு பிள்ளைகளும் இறந்தார்கள். 2023 மார்ச்சில் ஷாட்வெல்லில், ஆட்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு பிளாற்றில் மின்சைக்கிள் பற்றரி தீப்பிடித்து, வங்காளதேசத்தில் இருந்து வந்த ஒருவர் இறந்தார். அந்த வீடுகளின் துயரத்தை என் வாதத்துக்குச் சாட்சியாக இழுக்க மாட்டேன். ஒவ்வொரு தீக்கும் அதனதன் காரணம். நான் சொல்வது இவ்வளவுதான்: நடக்காத இடம் என்று ஒன்று இல்லை. பெக்ஸ்லிஹீத் செய்தி வந்த அன்று எங்கள் அம்மா ஒன்றும் கதைக்காமல் வீட்டில் இருந்த ஒவ்வொரு அலாரத்தின் பட்டனையும் அழுத்திப் பார்த்தா.

இன்று இரவு உங்கள் வேலை

வீட்டில் ஆங்கிலம் வாசிக்கிறவர் நீங்கள். வங்கிக் கடிதம், டொக்டர் அப்பொயின்ட்மென்ட், வீசாப் படிவம் எல்லாம் நீங்கள்தான். இதுவும் உங்கள் வேலை.

அலாரம் கத்தினால், நூறு தரம் பொய்யாகக் கத்தியிருந்தாலும், முதலில் உண்மை என்றே எழும்புங்கள். புகை இருந்தால் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் 999 அடியுங்கள். பொருட்களுக்காகத் திரும்பிப் போக வேண்டாம்.

தீ இல்லை என்று உறுதியானால், உடனே சத்தத்தை நிறுத்தாமல் எது முதலில் கத்தியது என்று பாருங்கள். இணைத்த அலாரங்களில் இதுதான் முழுச் சூட்சுமம். பல மொடல்களில் தொடங்கிய அலாரத்தின் சிவப்பு லைற் மட்டும் விரைவாக மின்னும், மற்றவை மின்னாது. சிலவற்றில் வேறொரு அலாரத்தின் பட்டனை அழுத்தினால், தொடங்கியதைத் தவிர மற்றவை அமைதியாகும். ஃபோனில் ஒரு வீடியோ எடுங்கள். உங்கள் மொடலின் பெயர் அலாரத்தின் பக்கத்தில் இருக்கும், கையேட்டை நெற்றில் தேடி வாசியுங்கள். நான் செய்யாததை நீங்கள் செய்யுங்கள்.

இரண்டு கிழமைக்கு ஒரு குறிப்பு வையுங்கள்: திகதி, நேரம், எந்த அலாரம், அப்போது என்ன நடந்தது. எப்போதும் குசினி அலாரம் என்றால் வகை பிழை. எப்போதும் குளித்த பிறகு, குளியலறை வாசலில் இருப்பது என்றால் இடம் பிழை. காரணமே இல்லாமல் நடுச்சாமத்தில் என்றால் உள்ளே தூசி, பூச்சி, அல்லது வயது. வயரில்லாமல் ரேடியோவால் இணைத்தவை என்றால் இன்னொன்றும் பாருங்கள். பூட்டியவர் உங்கள் வீட்டுக்கென்று தனிக் குறியீடு போடாமல் விட்டிருந்தால், அதே வகை வைத்திருக்கும் பக்கத்து வீட்டின் ரோஸ்ற்றுக்கும் உங்கள் வீடு கத்தலாம்.

முழுக் கத்தல் வேறு, "கீச்" என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்பது வேறு. கீச் சத்தம் பற்றரி முடிகிறது, அல்லது அலாரத்தின் காலம் முடிகிறது என்பதன் அடையாளம். அது பெரும்பாலும் விடியற்காலையில் தொடங்கும். வீடு குளிரும்போது பலமிழந்த பற்றரி இன்னும் சோர்ந்துபோகும், அதுதான் காரணம். பேய் இல்லை.

அலாரத்தின் பக்கத்தில் மாற்ற வேண்டிய ஆண்டு அச்சிட்டிருக்கும். பொதுவாகப் பத்து வருடம். தாண்டியிருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டும். தாண்டவில்லை என்றால், வக்கூம் கிளீனரின் மெல்லிய பிரஷ்ஷால் சுற்றிவர உறிஞ்சி எடுங்கள். கிட்ட நின்று ஸ்பிறே அடிக்க வேண்டாம், பெயின்ற் பூச வேண்டாம். மின்வயரில் பூட்டியதைக் கழற்ற வேண்டாம், அது எலெக்ட்ரீசியன் வேலை. கதிரியக்க அடையாளம் உள்ள பழையதை உடைத்துப் பார்க்கவும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: வெப்ப அலாரம் தொந்தரவு இல்லை என்பதற்காக அதை நடைபாதையிலும் படுக்கையறையிலும் பூட்டச் சம்மதிக்காதீர்கள். போர்வை கருகும்போது சூடு வரமுதல் புகை வரும். அங்கே புகையைப் பார்க்கும் கண்தான் வேண்டும்.

பிறகு வீட்டுக்காரருக்கு எழுதுங்கள். ஃபோனில் சொன்னால் காற்றோடு போகும், எழுத்தில் அனுப்புங்கள். குறிப்பையும் வீடியோவையும் சேர்த்து, "குசினியில் உள்ள புகை அலாரத்தை வெப்ப அலாரமாக மாற்றித் தாருங்கள்" என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் கவுன்சில். லண்டன் தீயணைப்புப் படை வீட்டுக்கே இலவசமாக வந்து பார்த்து ஆலோசனை சொல்லும். அதற்குச் சொந்த வீடாக இருக்கத் தேவையில்லை.

அந்த ஞாயிறு விடிய எங்கள் வீட்டுக்கு வந்த தீயணைப்பு வீராங்கனைதான் கீழ் நடைபாதைத் தொப்பியைக் கழற்றினா. ஏசவில்லை. ஏன் போட்டீர்கள் என்று மட்டும் கேட்டா. நான் சொன்னேன், நாங்கள் மசாலா போட்டுச் சமைப்பதால் என்று. அவ குசினிக்குள் போய் அலாரத்தைப் பார்த்தா. உங்கள் சமையலில் ஒன்றும் இல்லை, இது இங்கே இருக்கவே கூடாது என்றா. அதையும் அம்மாவுக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். தெருவில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்ற அம்மா அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னா. சொன்னேன்.

அடுத்த கிழமை குசினிக்கு வெப்ப அலாரம் வந்தது. அம்மா கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை போட்டுத் தாளித்தா. நாங்கள் நாலு பேரும் வாசலில் நின்று சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் கத்தவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அம்மம்மா விளக்குக் கொளுத்தினா.

வட்ஸ்அப் குறூப்பில் படம் போட்ட கசினுக்கு: மாமி தாராளமாக மீன் பொரிக்கட்டும். நீ கதிரையை எடுத்துக்கொண்டு வா.